சிப்பி ஒட்டியிருந்த குழி

பங்குச் சாமியாரு மிரட்டுனாவன்னு ஒனக்கு யாரு சொன்னா? இந்தா பாரு மெற்றில்டா, ஊருல ஆளுக்கு ஒண்ணு பேசத்தான் செய்வாவ. நான் கூட நின்னவ. முட்டி வலியோட, அந்த இருட்டுக்குள்ள, என் தம்பி தொபியாசுக்குப் பின்னாலயே நின்னவ. மிரட்டவும் இல்ல, கெஞ்சவும் இல்ல. சாமி அங்க பேசுனதே கொஞ்சந்தான்.

மிரட்டுனா மசியுற ஆளா தொபியாசு? புயல்ல மகன் டிக்சன் கடலோட போன நாள்ல இருந்து அவன் பிடிச்ச பிடி ஒனக்குத் தெரியாதா. அவன் கூடப் போட்டுல போனவங்க வீட்டுல எல்லாம், உடம்பு கெடைக்கலன்னு ஆனதும், கல்லறைத் தோட்டத்துல ஒரு குழி தோண்டி உடுப்ப வச்சு மூடிட்டாவ. வேற என்ன செய்ய. கடலு திருப்பிக் குடுத்தாத்தான. தொபியாசு பொண்டாட்டி அமலோற்பவம் மட்டும் மகன் சட்டையப் பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டு, புருசன் மொகத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா.

"எனக்கு ஒரு குழி குடுங்க. போயி ஒரு திரி கொளுத்திட்டு வாறேன்"னு கேப்பா.

இவன் குடுக்க மாட்டான். கல்லறைத் திருநாளுக்கு ஊரே தோட்டத்துல கெடக்கும். அவ கதவச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ள கெடப்பா. திரி கொளுத்த எடம் இல்லாதவ அங்க போயி யாரு தலமாட்டுல நிப்பா, சொல்லு.

இவன் உபதேசியாரு வேற. ஊருல யாரு செத்தாலும் முன்னால நின்னு செபம் சொல்லுதவன். "உடம்பில்லாத குழிய மூடுறது ஆண்டவர்கிட்டயே பொய் சொல்லுறது"ன்னுட்டான். வாதாடி ஜெயிக்க முடியாது அவன்கிட்ட. சின்ன வயசுலயே அப்படித்தான். ஒருக்கா எங்க அய்யா, கோழி முட்டைய எடுத்தது நாயின்னு சொன்னாவ. இவன் பூனைன்னு நின்னான். மூணு வேள சோறு திங்கல. கடைசியில அய்யாதான் பூனைன்னாவ.

அவன் கேக்குறது ஒரே ஒருத்தர் பேச்சத்தான். எரோணிமூஸ் சாமி. வயசுல இவனுக்கு இளையவிய, புயலுக்குப் பொறவு பங்குக்கு வந்தவிய. ஆனா சாமி ஒண்ணு சொன்னா இவன் ராத்திரி பூரா அதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பான்.

சாமிகிட்டயே போயிக் கேட்டான்.

"ஆளில்லாத குழியில என்ன சாமி இருக்கு?"

சாமி கோயில் மணிக்குப் புதுக் கயிறு கட்டிக்கிட்டு இருந்தாவ. முடிச்ச இழுத்துப் பாத்துட்டுச் சொன்னாவ.

"பாஸ்போர்ட்டத் தேடி எடுத்து வையும், உபதேசியாரே."

அவ்வளவுதான் பதிலு. பங்குல இருந்து ரோமாபுரிக்குத் திருயாத்திரை போறதா இருந்துச்சுல்லா, அதுல இவனையும் சேத்துட்டாவ. அமலோற்பவம் வரலன்னுட்டா. அவ எடத்துக்குத்தான் நான் போனேன். பிளேன்ல எனக்கு முன்னால இருந்தவ சீட்டச் சாய்ச்சுச் சாய்ச்சு என் முட்டிய ஒடச்சா. அத விடு.

ரோமாபுரியில எறங்குனதும் இவன் மொதல்ல வாங்குனது என்ன தெரியுமா, தீப்பெட்டி. சட்டப் பையில தீப்பெட்டி இல்லாம அவனுக்கு நிக்கத் தெரியாது. உபதேசியார் வேல பாத்துப் பாத்து அப்படி ஆயிட்டான். பிளேன்ல ஏத்த மாட்டாவன்னு வீட்டுல வச்சுட்டுப் போனதுல, வழியெல்லாம் சட்டப் பையத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டே வந்தான்.

பெரிய பெரிய கோயிலெல்லாம் பாத்தோம். இவன் ஒண்ணையும் நிமுந்து பாக்கல. மழ வேற. அப்பந்தான் ஒரு நாள், அந்தச் சுரங்கக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போனாவ. ஆதியில கிறிஸ்து வேதத்துல சேந்தவங்களப் பொதச்ச எடம். வாசல்ல ஒரு கடை. சாமி எல்லாருக்கும் ஆளுக்கொரு மெழுகுதிரி வாங்கிக் குடுத்தாவ, ஊருக்குக் கொண்டு போங்கன்னு.

கைடு ஒரு பொம்பள. நல்ல ஒசரம், கறுப்புக் கோட்டு, மூக்குல சளி. அவ இங்கிலீசுல சொல்லச் சொல்ல சாமி தமிழ்ல சொன்னாவ.

"யாரும் கூட்டத்த விட்டுப் பிரியக் கூடாது. செவுத்தத் தொடக் கூடாது. தீ கொளுத்தவே கூடாது."

எல்லாரும் தலய ஆட்டுனோம். தொபியாசும் ஆட்டுனான்.

படி எறங்குச்சு, எறங்குச்சு, எறங்கிக்கிட்டே போச்சு. மெற்றில்டா, நம்ம ஊரு வெயில்ல பொறந்தவளுக்கு அந்தக் குளிரச் சொல்லி வெளங்க வைக்க முடியாது. ஐஸ் பெட்டிக்குள்ள மீனு கெடக்குமே, அப்படி. ரெண்டு பேரு சேந்து நடக்க முடியாத சந்து. ரெண்டு பக்கமும் மண்ணக் கொடஞ்சு, ரயிலு பெர்த்து மாதிரி ஒண்ணுக்கு மேல ஒண்ணு குழி. தலைக்கு மேலயும் குழி, கால்மாட்டுலயும் குழி. எடையில எடையில முழம் நீளத்துக்குச் சின்னக் குழி. என்னதுன்னு கேட்டேன். புள்ளைகளுக்காம்.

"இதுக்குள்ள எல்லாம் இப்ப யாரு இருக்காவ சாமி?" தொபியாசு கேட்டான்.

சாமி கைடுகிட்டக் கேட்டுச் சொன்னாவ. "யாரும் இல்லையாம். எலும்ப எல்லாம் எப்பவோ எடுத்துட்டுப் போயிட்டாவளாம். மூடுன கல்லும் ஒடஞ்சு போச்சு."

"அப்பம் வெறுங்குழியப் பாக்கவா இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்திய?"

சாமி முன்னால நடந்துட்டாவ.

கைடு ஒரு எடத்துல நின்னு டார்ச்ச அடிச்சா. குழி ஓரத்துல காஞ்ச சுண்ணாம்பு. அந்தக் காலத்துல எழுதத் தெரியாத சனங்க, குழிய மூடுன ஈரச் சுண்ணாம்புல ஏதாச்சும் ஒண்ண அமுக்கி வச்சிருவாவளாம். ஒரு பாசிமணி, ஒரு பொம்மை கை, ஒரு கண்ணாடித் துண்டு. மறுக்கா வந்தா நம்ம ஆளு எங்க கெடக்கான்னு கண்டுபிடிக்கணும்லா. எல்லாக் குழியும் ஒண்ணு போலத்தான இருக்கு.

அவ டார்ச்சு அடிச்ச குழியில ஒரு சிப்பி இருந்திருக்கு. சிப்பி விழுந்து போச்சு. அதோட வரி மட்டும் சுண்ணாம்புல அப்படியே பதிஞ்சு கெடக்கு.

கூட்டம் நவுந்துருச்சு. நான் முட்டியப் பிடிச்சுக்கிட்டுக் கடைசியில நிக்கேன். தொபியாசு நவுரல. அந்த வரியவே பாத்துக்கிட்டு நின்னான். இவன் என்னத்த இப்படிப் பாக்குதான்னு நான் நெனைக்கதுக்குள்ள, உரசுற சத்தம் கேட்டுச்சு. மெழுகுதிரிய ரெண்டு சொட்டு உருக்கி, குழி ஓரத்துல ஒட்ட வச்சு, தலையக் குனிஞ்சு, செபத்த ஆரம்பிச்சுட்டான். நம்ம தோட்டத்துல ஒவ்வொரு கல்லறையா நின்னு சொல்லுவானே, அதே செபம். அதே ராகம். அவன் தெரிஞ்சு செய்யலட்டி. கை அதுவா செஞ்சிருச்சு. ஈரமண்ணப் பாத்தா வலைக்காரன் கால் செருப்பக் கழட்டும்லா, அது மாதிரி.

பொகை வாடை அடிச்சதும் கைடு ஓடியாந்தா. கைய ஆட்டி ஆட்டிக் கத்துனா. பின்னாலயே சாமி வந்தாவ.

"என்ன சாமி சொல்லுதா?"

"அணைக்கச் சொல்லுதா. ஊதும், உபதேசியாரே."

தொபியாசு திரியப் பாத்தான். சாமியப் பாத்தான்.

"ஊத மாட்டேன் சாமி."

"ஏன்?"

"கல்லறையில ஏத்துன திரிய ஊதக் கூடாது. அதுவா எரிஞ்சு அணையணும். நம்ம ஊரு வழக்கம் ஒங்களுக்குத் தெரியாதா?"

நெசந்தான மெற்றில்டா. காத்துல அணைஞ்சாக்கூட நாம திரும்ப ஏத்திட்டுத்தான வருவோம். ஊதுறது செத்தவன் மூச்ச ஊதுற மாதிரின்னு இவன்தான புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தான். ஒருக்கா ஒரு பொடியன் வெளையாட்டுக்கு ஊதிட்டான்னு தோட்டத்துக்கு வெளிய முட்டி போட வச்சவன்லா.

"உள்ள யாரு இருக்கா?"ன்னு கேட்டாவ சாமி.

"தெரியாது."

"கைய விட்டுப் பாரும்."

கைடு வேண்டாம் வேண்டாம்னு கத்துதா. சாமி அவ பக்கம் திரும்பவே இல்ல. தொபியாசு குழிக்குள்ள கையவிட்டுத் தடவுனான், இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும். ஏதோ தூங்குற புள்ளையத் தேடுத மாதிரி. கைய வெளிய எடுத்தான். விரல்ல மண்ணுத்தூசி.

"யாரும் இல்ல சாமி."

"அப்ப இது கல்லறை இல்லையே. செவுத்துல ஒரு ஓட்ட. ஊதும்."

தொபியாசு குனிஞ்சான். வாயக் குவிச்சான். திரிக்கும் அவன் ஒதட்டுக்கும் நடுவுல ஒரு சாண் இருக்காது. சுடரு ஒரு தடவ ஆடுச்சு. அவன் மூச்ச உள்ளயே பிடிச்சுக்கிட்டான்.

கைடு கத்துறத விட்டுட்டா.

"அப்ப ஊதும், தொபியாசு"ன்னாவ சாமி. மெதுவாத்தான் சொன்னாவ. அவிய பேரு சொல்லிக் கூப்பிட்டது அன்னைக்குத்தான்.

அவன் ஊதல. அப்படியே குனிஞ்சு நின்னான், சிப்பி வரி மேல ஒரு விரல வச்சுக்கிட்டு.

இதுல மிரட்டு எங்கட்டி இருக்கு? ஊருக்கு வந்து, நேத்து அவனே மண்வெட்டிய எடுத்துக்கிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிக் குழி தோண்டிட்டு வந்தான், அமலோற்பவத்துக்கிட்ட கூடச் சொல்லாம. சேதி தெரிஞ்சதும் அவ பெட்டியத் தொறந்து, பாச்சை உருண்டை வாடை போகட்டும்னு சட்டையக் கொடியில போட்டா. காலையில இருந்து இவன் அதுக்குப் பக்கத்துலயே நிக்கான். சட்டைய வச்சுக் குழிய மூடச் சாயங்காலம் சாமி வந்துருவாவ.

இந்தா, தூத்தல் போடுது பாரு.

எய்யா, தொபியாசு. நனையுதுய்யா. டிக்சன் சட்டைய எடுத்துக்கிட்டு உள்ள வா.