பூச்சரத்தில் அளந்த அங்கி

செம்பாற்று நாட்டை முன்னொரு காலத்தில் மழவரையன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் நினைத்தது நினைத்த நேரத்தில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் அரண்மனையே நடுங்கும்.

ஒருமுறை அவர் கப்பலேறிப் பவழத்தீவுக்கு விருந்தாளியாகப் போனார். அந்த ஊர்ப் பிரபுக்கள் முழங்கால் வரை தொங்கும் வெல்வெட் அங்கியில் மிடுக்காக நடப்பதைப் பார்த்ததும் ஆசை பிடித்துக்கொண்டது.

"அம்பலத்தாடி! நாளைய விருந்துக்கு எனக்கும் இப்படி ஒன்று வேண்டும்" என்றார் மந்திரியிடம்.

"தையற்காரரை வரச்சொல்லி அளவெடுத்துவிடலாம், பிரபு."

கூட வந்திருந்த அரண்மனைச் சோதிடர் சக்கரபாணிக்கு மந்திரி என்றாலே வயிற்றெரிச்சல். அந்தப் பதவி தனக்கு வர வேண்டும் என்று வெகுநாளாகக் காத்திருந்தார்.

"ஐயையோ!" என்று காதைப் பொத்திக்கொண்டார். "உயிரோடிருப்பவரை நாடா போட்டு அளந்தால் ஆயுள் குறையும், மகாராஜா! சாஸ்திரம் சொல்கிறது."

ராஜாவின் முகம் வெளுத்தது. ஆசையும் விடவில்லை. "நாடா என்மேல் படக்கூடாது. அங்கியும் கச்சிதமாக இருக்க வேண்டும். தவறினால், மந்திரி, உன் முத்திரை மோதிரம் சோதிடர் கைக்குப் போய்விடும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் அம்பலத்தாடி, கொஞ்சமும் அசராமல்.

அன்று சாயங்காலம் கூடை கூடையாக மல்லிகை வந்து இறங்கியது. "தீவுப் பூவால் மகாராஜாவை அலங்கரிக்க வேண்டாமா?" என்று சொல்லி, கழுத்து, மார்பு, இடுப்பு, மணிக்கட்டு என்று ஒவ்வொரு இடத்திலும் சரத்தைச் சுற்றி மந்திரியே முடிச்சுப் போட்டார். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு சரம் தொங்கவிட்டார். ராஜா கண்ணாடியில் பார்த்துப் பூரித்துப்போனார். அவர் குளிக்கப் போனதும் சரங்களையெல்லாம் வாழையிலையில் சுருட்டிக்கொண்டு மந்திரி நேரே தையற்கடைக்கு நடந்தார்.

மறுநாள் விருந்தில் அங்கி ராஜாவின் உடம்பில் வார்த்ததுபோல் உட்கார்ந்தது. அவையே வியந்தது. சோதிடருக்குப் பொறுக்கவில்லை.

"ஏமாந்துவிட்டீர்கள், மகாராஜா! அந்தப் பூச்சரங்களை வைத்துத்தான் அளவெடுத்தார்கள். கடையில் என் கண்ணால் பார்த்தேன்!"

ராஜாவின் கண் சிவந்தது. "மந்திரி! என் ஆயுளோடு விளையாடினாயா?"

"தையற்காரர் அளந்தது பூவை, பிரபு. தோஷம் வந்திருந்தாலும் பூவுக்குத்தான். அது காலையிலேயே வாடிவிட்டது. எனக்கு என்ன தண்டனையோ, அப்புறம் கொடுங்கள். வெல்வெட் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சோதிடருக்கும் ஓர் அங்கி தைக்கலாமா? தையற்காரர் வாசலில்தான் நிற்கிறார்."

"சரிகை வைத்தா?" என்றார் சோதிடர், வாயெல்லாம் பல்லாக.

தையற்காரர் நாடாவோடு உள்ளே வருவதற்குள் சோதிடர் இரண்டு கையையும் அகல விரித்துவிட்டார். "தோளில் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், அப்பா!"

நாடா அவர் மார்பைச் சுற்றியது.

"ஏன் ஓய்," என்றார் ராஜா மெதுவாக, "உமக்கு மட்டும் ஆயுள் குறையாதா?"

விரித்த கையை எப்படி இறக்குவதென்று சோதிடருக்குத் தெரியவில்லை. "அது... சாஸ்திரம்... ராஜாக்களுக்கு மட்டும்..."

விருந்து மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது. "ஊர் போய்ச் சேரும்வரை என் துணிமணிகளை மடித்து வைப்பது உம்முடைய வேலை" என்றார் ராஜா. தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடியின் கழுத்தில் போட்டார்.

பிறகு தானே தையற்காரர் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

"பச்சை வெல்வெட்டில் இன்னொன்று வேண்டும். நாடாவை நன்றாக இழுத்துப் பிடித்து அளந்துகொள், அப்பா!"