மடுவில் மிதந்த மரக்கட்டை

ஒரு காட்டில் கோடை வந்தால் குட்டைகளெல்லாம் வற்றிவிடும். நடுக்காட்டு மடு ஒன்றில்தான் தண்ணீர் நிற்கும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆட்காட்டிக் குருவி மடுவைச் சுற்றிப் பறந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் எந்த விலங்கும் அதில் வாய் வைக்கும்.

ஒருநாள் யானை, "மடுவில் முழங்கால் அளவுதான் தண்ணீர்" என்றது.

"பொய்! நான் இறங்கி, முங்கியே போனேன்" என்றது முயல்.

பெரிய சண்டை. கிளையிலிருந்த பச்சோந்தி சிரித்தது. "எதற்கு இந்தக் கூச்சல்? யானைக்கு முழங்கால், முயலுக்குத் தலைக்கு மேல். அவரவர் உண்மை அவரவருக்கு!"

சண்டை ஓய்ந்தது. பச்சோந்திக்கு ஒரே பாராட்டு. அது தலைக்கேறி, எதற்கெடுத்தாலும் அதையே சொல்லத் தொடங்கியது. காடே தலையாட்டியது. முயல் மட்டும் காதைச் சொறிந்துகொண்டு யோசித்தது. எதையும் கேட்டுப் பார்க்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது.

மறுநாள் மாலை குருவி வட்டமிட்டுவிட்டு அலறியது: "முதலை! யாரும் இறங்காதீர்கள்!"

கரையில் ஒரு மான் தன் குட்டியோடு நின்றது. பாவம், குட்டிக்குத் தாகத்தில் நாக்கு வறண்டிருந்தது. "எனக்கு அது மரக்கட்டையாகத்தானே தெரிகிறது?" என்றது மான்.

"அப்படியானால் உனக்கு அது கட்டைதான். குருவிக்கு முதலை. இரண்டும் உண்மை. இறங்கு!" என்றது பச்சோந்தி.

குட்டி ஒரு காலைத் தண்ணீரில் வைத்தது.

"நில்!" முயல் குறுக்கே பாய்ந்தது. "பச்சோந்தி அண்ணா, ஒரு சந்தேகம். 'அவரவர் உண்மை அவரவருக்கு' என்கிறீர்களே, அது எல்லாருக்கும் உண்மையா, உங்களுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான்!"

"அப்படியென்றால், எல்லாருக்கும் பொதுவாக ஓர் உண்மை இருக்கிறதே!"

"சரி, சரி. எனக்கு மட்டும்."

"உங்களுக்கு மட்டும் என்றால், அதை நம்பிக் குட்டி ஏன் இறங்க வேண்டும்? போகட்டும், உங்களுக்கு அது என்ன? கட்டையா, முதலையா?"

"கட்டை" என்றது பச்சோந்தி வீம்பாக.

"நல்லது. அதன்மேல் குதித்து உட்காருங்களேன், பார்ப்போம்."

பச்சோந்தி கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதன் பச்சை போய்ப் பழுப்பு வந்தது; அதுவும் வெளுத்தது.

கரையில் நின்ற யானை ஒரு காய்ந்த மரக்கொம்பை ஒடித்து மடுவில் வீசியது. கட்டை வாயைப் பிளந்தது! கொம்பு நொறுங்கியது. மான் குட்டியைப் பின்னால் தள்ளியது.

பிறகு யானை கரை மணலைக் காலால் தோண்டியது. ஊறி வந்த நீரைக் குட்டி வயிறு முட்டக் குடித்தது.

"நேற்று நான் சொன்னது சரியாகத்தானே இருந்தது?" என்று முனகியது பச்சோந்தி.

"நேற்றுச் சரிதான், அண்ணா" என்றது முயல். "ஆழம் அவரவர் காலைப் பொறுத்தது. முதலை யார் காலையும் பொறுத்ததல்ல."

நீதி: பார்ப்பவரைப் பொறுத்து மாறுபவை சில உண்டு; எல்லாமே அப்படித்தான் என்பவரை, முதலில் அதை நம்பித் தண்ணீரில் இறங்கச் சொல்.