மேனேஜர் ஏறாத வேன்

மில் முதலாளி நாச்சிமுத்து தன் ஏழு நாய்களையும் சென்னைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போக, சித்திரை வெயிலில் பெரிய வேன் வாங்கக் கிளம்பினார். நாய்களைப் பராமரிக்கும் மருதாயியும் கூடப் போனாள்.

"பின் சீட்டைக் கழட்டிட்டா நாய்களுக்கு அரண்மனைதானுங்க. வண்டி முழுக்க ஏசி," என்றார் ஷோரூம் மேனேஜர்.

மருதாயி பின்பக்கம் ஏறிப் பார்த்தாள். "இங்க காத்தே வராதுங்க ஐயா. நாய்ங்க செத்துப்போயிரும்."

"வேனைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று முதலாளி சீறினார்.

"ஒண்ணும் தெரியாதுங்க. சாரைப் பின்னாடி உக்கார வச்சு, கதவைச் சாத்தி, ஊரை ஒரு சுத்து சுத்திட்டு வரலாமுங்க. நல்லாருக்குன்னு அவர் சொன்னா வாங்கிக்கலாம்."

மேனேஜர் பதறினார். "ஐயோ, அங்க உக்காந்தா வெந்துருவேனுங்க!"

முதலாளி அவரை முறைத்தார். பிறகு மருதாயியிடம், "எந்த வண்டின்னு நீயே பாரும்மா," என்றார்.

அவள் ஒவ்வொரு வண்டியிலும் பின்பக்கமாக ஏறத் தொடங்கினாள்.