உலகம்மையின் கையில் ஒரு மாத்திரை

தென்காசியில் ஒரு ஜவுளிக் கடையில் நாளெல்லாம் நின்றே சேலை விற்றவள் உலகம்மை. ஒருநாள் அவளுடைய இடது கால் சுரைக்காயாய் வீங்கிவிட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, காலின் ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறது, அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே மோசம் என்றார்.

மருந்து மூன்று வகை உண்டாம். பழைய மாத்திரை பல காலம் பார்த்துப் பழகியது, ஆனால் அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும், கீரைகூட அளவாய்த்தான் தின்ன வேண்டும். புதிய மாத்திரைக்கு அந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது, தினமும் வயிற்றில் குத்தும் ஊசி.

"வயித்துல பிள்ளை இருந்தா மாத்திரை ரெண்டும் ஆகாது, ஊசிதான். அப்படி ஏதும் உண்டாம்மா?"

உலகம்மை பக்கத்தில் நின்ற மாமியார் கோமதியைப் பார்த்தாள். பிறகு தானே இல்லையென்று தலையாட்டினாள். டாக்டரம்மாவாவது சோதித்துப் பார்த்திருக்கலாம். வெளியே கூட்டம் அப்படி.

உண்மையில் பிள்ளை உண்டுதான், இரண்டு மாதம். முன்பு இரண்டு முறை ஊரெல்லாம் சொல்லி, இரண்டு முறையும் கலைந்துபோனது. எல்லாம் கண்ணேறு என்று முடிவுகட்டிய கோமதி, மூன்று மாதம் முடியும்வரை கட்டினவனிடம்கூட மூச்சு விடக் கூடாது என்று மருமகளிடம் சாஸ்தா மேல் சத்தியம் வாங்கியிருந்தாள்.

எந்த மருந்து என்று வீட்டில் பேசி முடிவு செய்யச் சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. வீட்டில் வழக்கு தொடங்கியது. உலகம்மையின் அண்ணன் குத்தாலிங்கம் பழைய மாத்திரை என்றான். கணவன் பால்வண்ணன் புதியது என்றான். கோமதி ஊசிதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"மாத்திரை இருக்கையில எதுக்கும்மா அவளைப் போட்டுக் குத்தணும்?" என்று தாயிடம் கேட்டான் பால்வண்ணன்.

கோமதி மறுபடியும் ஊசி என்றாளே தவிர காரணம் சொல்லவில்லை. பால்வண்ணன் கோபத்தோடு போய்ப் புதிய மாத்திரையை வாங்கிவந்து மனைவியின் கையில் வைத்தான், தண்ணீரும் கொடுத்தான். கோமதி கண்ணாலேயே விழுங்காதே என்றாள். சொல்லாதே என்றும் கண்ணாலேயே சொன்னாள். விழுங்கினால் பிள்ளைக்கு ஆபத்து, விழுங்காமல் சும்மா இருந்தால் தாய்க்கு. உலகம்மை மாத்திரையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நான் ரெண்டு மாசமா முழுகாம இருக்கேன்."

பால்வண்ணன் அதற்குப் பதில் ஊசி கேட்க மாத்திரையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"சாமி மேல பண்ணுன சத்தியத்தை மீறிட்டியேட்டி" என்று கோமதி அழுதாள்.

மூவர் மூன்று மருந்து சொன்னார்கள், நாலாமவள் சத்தியத்தை உடைத்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: ஆண்கள் இருவரும் தெரிந்த அளவுக்குப் பேசினார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சரியான மருந்தைக் கேட்டவள் கோமதி. ஆனால் காரணத்தை விழுங்கிவிட்டு மருந்தை மட்டும் கேட்பது என்ன நியாயம்? ஊர்க் கண்ணுக்கு மறைக்கலாம், மருந்துக்கு மறைக்க முடியுமா? இந்தப் பிள்ளையும் தங்காமல் போனால், "நீ வாயைத் திறந்ததாலதான்" என்ற பழி காலமெல்லாம் உலகம்மையின் தலையில்தான் விழும். அது தெரிந்துதான் அவள் வாயைத் திறந்தாள். அவள் செய்ததே சரி.