பனைக்குப் பனை ஒரே கேள்வி

"காலைல என்ன சாப்ட்டீங்க, குருவே?"

"அம்மா இட்லி ஊத்திட்டு இருக்கா. இன்னும் வேகல."

லிங்கதுரைக்குக் கால் அப்படியே நின்னுருச்சு.

குரு செல்வகனியோட அம்மா போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு. காலைல ரெண்டு பேரும் குடிச்சது கம்மங்கூழ். லிங்கதுரையே காச்சி, தூக்குவாளியில கொண்டு வந்தது.

சுத்தி எங்க பாத்தாலும் செக்கச்செவேல்னு தேரி மணல். அக்னி நட்சத்திர வெயில். தலைக்கு மேல ஒரு சூரியன், காலுக்குக் கீழ இன்னொரு சூரியன்.

செல்வகனி பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருந்தா.

*

முதல் நாளே லிங்கதுரை இந்தச் சாப்பாட்டுக் கேள்விக்குத்தான் சண்டை போட்டாரு.

அவரு ரிடையர் ஆன பஸ் கண்டக்டர். செல்வகனி அவரு மக வயசு. ஆனா தேரிக்காட்டுல ஆளுங்களை நடத்திக் கூட்டிட்டுப் போறதுல அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. அதனால அவ குரு, இவரு சிஷ்யன்.

"ஆயுசு பூரா எல்லாரையும் 'எங்க போணும், எங்க போணும்'னு கேட்டேன். நான் எங்க போணும்னு மட்டும் தெரியல. நீங்கதான் சொல்லணும்."

"காலைல என்ன சாப்ட்டீங்க அண்ணாச்சி?"

"ரெண்டு தோசை."

அடுத்த பனைமரம் வந்துச்சு. மறுபடியும் அதே கேள்வி. அதுக்கு அடுத்த பனையிலயும் அதே.

"நான் ஞானம் கேக்க வந்தேன். நீங்க என்னன்னா, வீட்டுக்கு வந்த சம்பந்திய விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறீங்க."

"நீங்களும் என்னைக் கேக்கணும். பனைக்குப் பனை."

"எதுக்கு?"

"பதில் தப்பாச்சுன்னா நடை அங்கயே முடிஞ்சுது. குருவா இருந்தாலும் சரி."

"தான் சாப்ட்டதை எவனாவது தப்பாச் சொல்லுவானா?"

செல்வகனி சிரிச்சா. மேல சூரியனைக் கை காட்டினா.

*

வெயில் ஏறுறதுக்குள்ள தேரியக் கடந்துரணும்னுதான் இன்னைக்கு இருட்டோட கிளம்பினாங்க. ஆனா காத்து மணல் மேட்டையே இடம் மாத்தி வச்சிருந்துச்சு. வழி தப்பிருச்சு. உச்சி வெயில்ல மாட்டிக்கிட்டாங்க.

"குருவே, நில்லுங்க."

"நடங்க அண்ணாச்சி. அந்தா கோயில் தெரியுது பாருங்க."

அவ கை காட்டின பக்கம் வெறும் மணல்.

லிங்கதுரை ஓடிப்போய் முன்னாடி நின்னு அவ மூஞ்சியப் பாத்தாரு. தீயா செவந்து கெடந்துச்சு. நெத்தியில ஒரு சொட்டு வேர்வை இல்ல.

"நடை முடிஞ்சுது."

"அதை நான் சொல்லணும். குரு நீங்களா, நானா?"

"நீங்கதான். குருவா இருந்தாலும் சரின்னு சொன்னதும் நீங்கதான்."

"கைய விடுங்க. சொன்ன பேச்சைக் கேக்காதவன்லாம் ஒரு சிஷ்யனா?"

சுருக்குனு குத்துச்சு. கைய விட்டாரு.

அவ நாலு எட்டு வச்சா. அஞ்சாவது எட்டு கோணலாப் போச்சு.

"சிஷ்யன் இல்லன்னே வச்சுக்க தாயி."

அப்படியே அவளை அள்ளித் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டாரு. அவ முதுகுல குத்தினா, திட்டினா. இறக்கி விடவே இல்ல.

மேட்டுக்குப் பின்னாடி ஒரு முந்திரி மரம். தரையத் தொடுற தழை. அந்த நிழல்ல மேல் மணலை ரெண்டு கையாலயும் தள்ளினாரு. அடி மணல்ல சூடு கம்மி. அதுல படுக்க வச்சுட்டு ஊருக்குப் போன் போட்டாரு. ஜீப் கிளம்புறதாச் சொன்னாங்க.

அவளோட பையை அவரு திறந்தா, தண்ணி பாட்டில் தளும்பத் தளும்ப இருந்துச்சு. மூடி கூடத் திருகல.

"இதை ஏன் குடிக்காம வச்சிருக்க?"

"நீங்க மயங்கினா வேணும்ல..." நாக்கு குழறுச்சு. "கொட்டாதீங்க."

கொட்டினாரு. தலையில, கழுத்துல, கக்கத்துல, அம்புட்டுத் தண்ணியையும். தன் பாட்டில்ல மிச்சம் இருந்ததையும் ஊத்தினாரு. துண்டை நனைச்சு விசிற ஆரம்பிச்சாரு.

"காலைல என்ன சாப்ட்ட?"

"இட்லி."

விசிறினாரு.

"காலைல என்ன சாப்ட்ட?"

"அம்மா வரட்டும்..."

விசிறினாரு. தோள்பட்டை கழண்டு விழுற மாதிரி வலி. ஓடுற பஸ்ல கம்பியப் பிடிச்சே காலம் தள்ளின கை அது. லேசுல விடாது.

"தாயி. காலைல என்ன சாப்ட்ட?"

அவ கண்ணு செருகிருச்சு.

தூரத்துல ஜீப் உறுமுற சத்தம் கேட்டுச்சு. அவரு திரும்பிக்கூடப் பாக்கல. குனிஞ்சு அவ காதுகிட்டப் போனாரு. கண்டக்டர் குரல்லயே கேட்டாரு.

"காலைல. என்ன. சாப்ட்ட."

செல்வகனி கண்ணத் திறந்தா. மரத்தைப் பாத்தா. நனைஞ்ச துண்டைப் பாத்தா. அவரை ஏற இறங்கப் பாத்தா.

"கம்மங்கூழ்."

விசிறின கை அந்தரத்துல நின்னுச்சு.

"நீங்க காச்சினதுதான அண்ணாச்சி? அதுல உப்பே இல்ல. மனசு கஷ்டப்படுவீங்கன்னு வாயத் திறக்காமக் குடிச்சேன்."

லிங்கதுரை துள்ளி எந்திரிச்சாரு. மணல் மேட்டு உச்சிக்கு ஒரே ஓட்டம். ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, வர்ற ஜீப்பைப் பாத்து தேரியே அதிர்ற மாதிரி கத்தினாரு.

"உப்பு இல்லையாம்வே. என் கூழுல உப்பே இல்லையாம்."