வெள்ளி மாலை யாருக்கு?

இலுப்பைக் காட்டில் ஒரு புளியமரம். அதன் கீழ்ப் பொந்தில் ராக்காயி என்ற அணில் குடியிருந்தாள். மேல் கிளையில் பவளக்கொடி என்ற மைனா கூடு கட்டியிருந்தாள். ராக்காயிக்கு ஒரே மகன், பெயர் வரியன். பவளக்கொடிக்கு ஒரே மகள், பெயர் மின்னி. இரண்டு பிள்ளைகளும் குளத்தங்கரைப் பள்ளியில் ஒரே வகுப்பு. வயிறு எரிய இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. திங்கள்கிழமை தோறும் தலைமை ஆசிரியர் ஆமை ஒரு பெரிய தேக்கிலையை எடுப்பார். கருவேல முள்ளால் அந்த வாரத்துச் சேதியை எல்லாம் அதில் கீறுவார். என்றைக்குப் பல் சோதனை, என்றைக்கு விடுமுறை, யாருக்கு என்றைக்குக் காவல், யார் என்ன கொண்டு வர வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். நன்றாகப் படித்த ஒரு பிள்ளையின் பெயரும் இருக்கும். பியூன் ஓணான் அதை முதல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். படித்தவர்கள் ஓரத்தில் பல்லோ நகமோ பதித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆமை வாத்தியாருக்கு ஒரு சொல் எழுதவே அரை நாழிகை ஆகும். அதனால் நான்கு சொல்லில் முடிவதை ஐந்தாவது சொல்லுக்கு இழுக்க மாட்டார்.

இலை வந்தால் மற்ற அம்மாக்கள் மேலிருந்து கீழே படிப்பார்கள். ராக்காயி அப்படிப் படிக்க மாட்டாள். முதலில் வரியன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்காது. அடுத்து மின்னி பெயர் இருக்கிறதா என்று பார்ப்பாள். பெரும்பாலும் இருக்கும். அதோடு அவளுக்குக் கண் இருட்டிவிடும். "என்னத்த பெரிய படிப்பு! கேட்டதைத் திருப்பிச் சொல்றதுக்கு மைனாவுக்குச் சொல்லியா குடுக்கணும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே பல்லைப் பதித்து மேலே அனுப்பிவிடுவாள். போன மாதம் 'நாளை பள்ளி இல்லை' என்று எழுதியிருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பாவம் வரியன், கொட்டுகிற மழையில் போய் ஆளில்லாத பள்ளியில் மதியம்வரை உட்கார்ந்துவிட்டு வந்தான்.

இந்தத் தடவை ஆண்டு விழா வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழா. நாடகத்தில் மழைராஜா வேஷம் வரியனுக்குக் கிடைத்திருந்தது. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரு வேஷம்கூடக் கிடைத்ததில்லை. பையனுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிடும்போதும் வசனம், தூங்கும்போதும் வசனம். "அம்மா, ஒரு தடவை கேளேன்," என்று முன்னால் வந்து நிற்பான். ராக்காயி மேல் கிளையில் மின்னி என்ன செய்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். "விழாவில கேக்கறேன், போடா," என்று விரட்டிவிடுவாள்.

அந்த வாரத்து இலை ஒரு நாள் தாமதமாகச் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கம்போல் ராக்காயியின் கண் பெயர்களைத் தேடி ஓடியது. கடைசி வரியில் போய் நின்றது.

'வெள்ளி மாலை மின்னிக்கு.'

ராக்காயி அதை இன்னொரு தடவை படித்தாள். வெள்ளியில் மாலையா! அதுவும் அந்த மைனாக் குட்டிக்கா!

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. புளியமரத்து வீடுகளில் பொழுது சாயும் நேரத்தைச் சாயங்காலம் என்றுதான் சொல்வார்கள். மாலை என்றால் கழுத்தில் போடுவது, அவ்வளவுதான். அதோடு, குளத்தில் குளிக்க வந்த யாரோ தவறவிட்ட வெள்ளிச் சங்கிலி ஒன்று ஆமை வாத்தியாரிடம் பத்திரமாக இருக்கிறது என்று காட்டில் ஒரு பேச்சு இருந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட அவளுக்கு எவ்வளவு நேரமாகும்? மேலே இன்னும் மூன்று வரி இருந்தது. அதை யார் படித்தார்கள்?

அவள் புருஷன் வீரணன் நிதானமான அணில். "இலையை முழுசாப் படிச்சியா?" என்று கேட்டான்.

"எனக்கு வேண்டியதைப் படிச்சாச்சு," என்றாள் ராக்காயி.

அவளுக்கு அந்த இலையைக் கடித்துக் குதறிவிடலாமா என்றுகூட இருந்தது. அதற்குள் வீரணன் அதை வாங்கி மேல் கிளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். ராக்காயி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மேலே ஒரு சந்தோஷச் சத்தம் இல்லை, சிரிப்பு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "யார்கிட்டயும் காட்டிக்காதே கண்ணு," என்று பவளக்கொடி மகளிடம் சொல்வது மட்டும் காதில் விழுந்தது. மறைக்கிறார்கள்! ஊர் கண் பட்டுவிடுமாம்! ராக்காயிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை வேண்டுமென்றே மேல் கிளைப் பக்கமாகப் போனாள். இலையில் ஏதும் விசேஷம் உண்டா என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

பவளக்கொடியின் முகம் வாடியிருந்தது. "என்ன விசேஷம் அக்கா? எங்க மின்னிக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வந்து வாய்ச்சிருக்காம்! என்ன அலட்டல், என்ன நடிப்பு என்று ராக்காயி நினைத்தாள். மின்னி அந்த மாலையைப் போட்டுக்கொண்டு கிளை கிளையாகப் பறப்பதும், காடே வாயைப் பிளந்து பார்ப்பதும் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது. 'என் பிள்ளை கழுத்து என்ன கழுத்து இல்லையா?' என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். வியாழக்கிழமை வரை பொறுத்துப் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள்.

ஆமை வாத்தியார் குளத்தின் ஓரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். ராக்காயி சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, வெள்ளி மாலை என் மகனுக்கு வேணும்."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, மறுபடி மெல்ல நீட்டினார். "வெள்ளி மாலையா? நீயாகவா வந்து கேட்கிறாய்?"

"ஆமாங்க. ஏன், என் பிள்ளைக்குத் தகுதி இல்லையா?"

"தகுதிக்கு என்ன குறை? கூர்மையான கண், கணீரென்ற குரல். அவனைவிட நல்ல ஆள் கிடைக்காது. ஆனால் விழாவில் அவன்தானே மழைராஜா? இரண்டும் முடியாதம்மா. இது வேண்டுமென்றால் அதை விட வேண்டும்."

ராக்காயி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மழைராஜா வேஷமெல்லாம் இதுக்கு முன்னால எந்த மூலைக்குங்க? அதை அந்த மின்னிக்கே குடுத்திடுங்க. அவளுக்கு வசனம் ஒரு தடவை கேட்டாலே வந்துடும்."

ஆமையின் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் எந்தத் தாயும் இப்படி வந்து கேட்டதில்லை என்றார். மற்ற அம்மாக்களுக்கெல்லாம் இந்தத் துணிச்சல் எங்கே வரப்போகிறது என்று ராக்காயி மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். பெயரை மாற்றிவிடுவதாகவும், நாளைக்கு வந்து திரும்ப மாற்றச் சொல்லக் கூடாது என்றும் ஆமை சொன்னார். "சத்தியமா வரமாட்டேங்க!" என்று அவள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாலையோடு மகன் மேடையில் நிற்கும்போது எல்லோரும் ஒரேயடியாக அசந்து போகட்டும் என்று இருந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை வரியன் வசனத்தைச் சொல்லிக்கொண்டே பள்ளிக்குப் போனான். ராக்காயி வாழைத்தோப்பில் இருக்கும் தன் தங்கை வீட்டாரைக் கூப்பிட்டு வைத்தாள். "வந்து பாருங்க, இன்னிக்கு ஒரு அதிசயம் இருக்கு," என்று மட்டும் சொன்னாள். உறவுக்காரர்கள் பதினோரு பேர் புடைசூழ முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சூரியன் குளத்துக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. முயல், கீரி, முள்ளெலி, காடை என்று காடே திரண்டு வந்திருந்தது. வாழையிலைத் திரைக்கு முன்னால் ஆமை வாத்தியார் வந்து நின்றார்.

"பெற்றோர்களே! ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளை அக்கரைப் பனைமரத்தில் காவல் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். வல்லூறு வந்தால் குரல் கொடுக்க வேண்டும். விழா நாளிலும் அந்தக் காவலை விட முடியாது. இந்த வாரக் காவல் முறையை இலையில் எழுதியிருந்தேன். புதன் மாலை கீரி மகனுக்கு. வியாழன் மாலை முயல் மகளுக்கு. வெள்ளி மாலை மின்னிக்கு."

ராக்காயியின் வால் மெல்லக் கீழே இறங்கியது.

"விழாவைப் பார்க்க முடியாத முறை. யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் ஒரு தாய் தானாக வந்தாள். மின்னி விழாவில் இருக்கட்டும், வெள்ளி மாலை என் மகனுக்கு வேண்டும் என்று கேட்டாள். அவனுக்குக் கிடைத்த வேஷத்தையும் மின்னிக்கே கொடுக்கச் சொன்னாள். ராக்காயி, எழுந்திரம்மா! எல்லோரும் உன்னைப் பார்க்கட்டும்."

கூட்டம் முழுக்கக் கைதட்டியது. வாழைத்தோப்புத் தங்கை, "இதுதானாக்கா அதிசயம்? உன் மனசு யாருக்கு வரும்!" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வீரணன் அவளையே பார்த்தான். ராக்காயிக்கு எழுந்து நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் கன்னத்தில் அறைகிற மாதிரி இருந்தது.

அதற்குள் பவளக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இலை வந்த நாள்ல இருந்து எம்பொண்ணு ஒழுங்கா சாப்பிடலை. எல்லாரும் விழாவில இருக்க நான் மட்டும் பனைமரத்துல உக்காரணுமான்னு ஒரே அழுகை. வெளியில சொன்னா கேவலம்னு நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீங்க எப்படி கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டு அழுதாள்.

ராக்காயி கையை உதறிக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே பாய்ந்தாள். குளத்தின் கரையைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடினாள்.

அக்கரையில் பனைமரம் தன்னந்தனியாக நின்றது. உச்சி மட்டையில் வரியன் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காவலுக்கு இருப்பவர் கண்ணைக் கீழே இறக்கக் கூடாது என்பது விதி. எதிர்க்கரையில் நாடகம் தொடங்கிவிட்டது. மின்னியின் குரல் தண்ணீருக்கு மேலே மிதந்து வந்தது. "நானே மழைராஜா! என்னை அழைத்தது யார்?" என்று அவள் கேட்டாள். மரத்து உச்சியில் வரியனும் அதே வசனத்தை வாய்க்குள் சொன்னான். அவள் அடுத்த வரியைச் சொன்னபோது இவனும் அடுத்த வரியைச் சொன்னான். ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. அவன் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று ராக்காயிக்கு இத்தனை நாளும் தெரியாது.

அவள் மேலே ஏறிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக்கே வாத்தியாரிடம் பேசுகிறேன், அடுத்த வருஷம் உனக்குத்தான் வேஷம் என்று என்னென்னவோ உளறினாள். வரியன் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏம்மா, வாத்தியார் சொன்னார்," என்றான். "நான் நல்லா நடிக்க மாட்டேன்னு நினைச்சுத்தானே அதை மின்னிக்குக் குடுக்கச் சொன்னே?"

எதிர்க்கரையில் எல்லோரும் மின்னிக்குக் கைதட்டினார்கள். ராக்காயி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் அது இதைவிடக் கேவலம். வாயை மூடிக்கொண்டாள். வரியன் அதைத்தான் பதில் என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

அடுத்தவர் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருக்கிறவர், தன் பிள்ளையின் கையில் இருப்பதைத் தானே தட்டிப் பறித்து அவர்களுக்கே கொடுத்துவிடுவார்.