பெயர் கேட்டு வாங்கிய உளுவை

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஓர் அலையாத்திக் காடு இருந்தது. அதன் சேற்றில் வளை தோண்டி ஓர் உளுவை மீன் வாழ்ந்தது. கால் புதைந்துவிடும் என்று நாரைகள் அந்தச் சேற்றில் இறங்குவதில்லை. மனிதர்களும் உளுவையைத் தேடுவதில்லை. தப்பித் தவறி வலையில் விழுந்தாலும் சேற்று நாற்றம் அடிக்கிறது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். யாருக்கும் வேண்டாத மீனாக அது சுகமாக இருந்தது.

எதிர்க்கரை மணலில் கிழங்கான் மீன்கள் இருந்தன. தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்க வரும் பெண்கள் ஓயாமல் அவற்றைப் பற்றியே பேசுவார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கிழங்கான் குழம்புதான் நல்லது என்பார்கள். காய்ச்சல் விட்ட உடம்புக்கு அதுதான் ஒத்துக்கொள்ளும் என்பார்கள். கேட்கக் கேட்க உளுவைக்கு வயிறு எரிந்தது. எல்லாப் பெருமையும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது என்று அதன் சின்ன மூளைக்குப் பட்டது.

ஒரு நாள் நீர் ஏறியபோது அது எதிர்க்கரைக்கு நீந்திப் போனது. அங்கே ஒரு கிழங்கான் கண்கள் மட்டும் வெளியே தெரிய மணலில் புதைந்து கிடந்தது. உன் பெயரை எனக்கும் தருவாயா என்று உளுவை கேட்டது.

கிழங்கான் அதை மேலும் கீழும் பார்த்தது. "இந்தப் பெயருக்குப் பயந்துதான் நான் மணலுக்குள் ஒளிந்து கிடக்கிறேன். நீ அதைக் கேட்டு வாங்க வந்திருக்கிறாயா? தாராளமாக எடுத்துக்கொள்."

பாதிப் பேச்சுதான் உளுவையின் காதில் விழுந்தது. ஊருக்குத் திரும்பியதும், இனி என்னைக் கிழங்கான் என்றே கூப்பிட வேண்டும் என்று பக்கத்து வளைகளில் இருந்த நண்டுகளுக்கு உத்தரவு போட்டது. தொல்லை விட்டால் போதும் என்று நண்டுகளும் காலையிலும் மாலையிலும் அப்படியே கூவின.

அந்தப் பக்கம் போன ஒரு காட்டுப்பன்றிக்கு அது காதில் விழுந்தது. பன்றிக்குக் கிழங்கு என்றால் மண்ணுக்கடியில் விளைவது. அது சேற்றைக் குடைந்து புரட்டி, உளுவையின் வளையைத் தரைமட்டமாக்கியது. ஒரு கிழங்கும் அகப்படாமல் காறித் துப்பிவிட்டுப் போனது.

புத்தி உள்ளதாக இருந்தால் அன்றே பழைய பெயருக்குத் திரும்பியிருக்கும். உளுவையோ, என்னைப் பார்க்கப் பன்றியே தேடி வந்தது என்று நண்டுகளிடம் பீற்றிக்கொண்டது. ஒளிய வளை இல்லாமல் வெட்டவெளியில் கிடந்தபடியே பீற்றியது.

மறுநாள் காலை ஒரு நாரை வந்தது. சேற்றில் இறங்காமல் ஓர் அலையாத்தி வேரில் நின்றுகொண்டு, இங்கே கிழங்கான் இருக்கிறதாமே, எங்கே என்று விசாரித்தது. நண்டுகள் சட்டென்று வளைக்குள் போய்விட்டன.

உளுவை மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, துள்ளித் துள்ளி வேரருகே வந்தது. "நான்தான்" என்றது.

நாரை கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. "உன்னைப் பார்த்தால் உளுவை மாதிரி இருக்கிறதே. உளுவையாக இருந்தால் போய்விடு. அது எனக்கு வேண்டாம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உயிர் மிஞ்சியிருக்கும். ஆனால் அதற்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரைப் பார்த்து உளுவை என்கிறாய்? சந்தேகம் இருந்தால் இன்னும் கிட்டே வந்து காட்டுகிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்!" என்று வேரின் மேலேயே ஏறி நின்றது.

நாரை நன்றாகப் பார்த்தது. அதன் பிறகு ஒரே கொத்தாகக் கொத்தி விழுங்கியது.

நண்டுகள் வெளியே வந்தன. ஒன்றுகூட வருத்தப்படவில்லை. இனிமேல் காலையும் மாலையும் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டு இரை தேடப் போயின.

ஒரு பெயரை ஊர் எதற்காகப் புகழ்கிறது என்று விசாரிக்காமல் அதற்கு ஆசைப்படும் முட்டாள், அந்தப் பெயருக்கு வரும் ஆபத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறான்.